ரோட்டை குறுக்கால பாக்கணும்

ஊரப்பாக்கத்துல நாங்க வீடு வாங்கினப்போ பாக்க வந்த சொந்தக்காரங்க எல்லாரும் சொன்னது ஒரே விஷயம், "ஜிஎஸ்டி ரோடு பக்கத்துலயே இருக்கு, ஸ்டேஷன் நடக்குற தூரம், அப்புறம் என்ன வேணும்". தப்பில்ல. தெருமுனை தாண்டினா ரோடு, ரோட்டுக்கு அந்தாண்ட ஸ்டேஷன். அந்த "அந்தாண்ட"ங்குற வார்த்தையை மட்டும் அன்னிக்கு யாரும் கவனிக்கல, நானும்தான்.

தெரியாதவங்களுக்கு, இது வரி ஜிஎஸ்டி இல்ல. கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. சென்னை கிண்டி கத்திப்பாராவுல இருந்து மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், எங்க ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர்னு செங்கல்பட்டுக்கு இறங்கி அப்படியே தெக்க போயிடும். பழைய நம்பர் என்எச் 45, இப்போ 32, ஆனா 32ன்னு சொல்லி வழி கேட்டவனை நான் இன்னிக்கு வரைக்கும் பாத்ததில்ல. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி டிவில பெருங்களத்தூர்ல இருந்து பரனூர் டோல்கேட் வரைக்கும் செவப்பு லைட்டா காட்டுவாங்களே, அந்த ரோடு. நீங்க அதுக்குள்ள கார்ல உக்காந்து திட்டியிருப்பீங்க. நாங்க அதோட ஓரத்துல நின்னு, இதை எப்படிடா தாண்டுறதுன்னு பாத்துட்டிருந்த ஆளுங்க.

இந்த ரோட்டோட பிரச்சனையே இதோட கிழக்கு மேற்குதான். தாம்பரத்துல இருந்து தெக்க வர்ற ரயில் தண்டவாளம் ரோட்டுக்கு கிழக்கால ஒட்டியே வருது. வண்டலூர் ஜூ மேக்கால, வண்டலூர் ஸ்டேஷன் கிழக்கால. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் மேக்கால. ஒரு குடும்பத்தோட ஒரு நாள் வாழ்க்கையை எடுத்துக்கிட்டா ஸ்கூல் இந்தப் பக்கம், ஸ்டேஷன் அந்தப் பக்கம், மெடிக்கல் ஷாப் இந்தப் பக்கம், சாயந்திரம் ஆபீஸ்ல இருந்து வர்ற பஸ் எறக்கி விடுறது அந்தப் பக்கம். ரெண்டு பக்கமும் சேந்து ஒரே ஊருதான், நடுவுல எட்டு லேன் ஓடுது, அவ்வளவுதான்.

எட்டு லேன்னு சும்மா சொல்லல. பெருங்களத்தூர்ல இருந்து செட்டிப்புண்ணியம் வரைக்கும் நாலு வழியா இருந்ததை எட்டு வழியா அகலப்படுத்துனாங்க. பண்ணப்போ எங்களுக்கெல்லாம் சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன். அப்போ நான் பைக்ல மறைமலை நகர் போயிட்டிருந்தேன், தெனமும் பத்து பதினஞ்சு நிமிஷம் மிச்சம். ரோட்டை நீளவாட்டுல பாத்துட்டிருந்தேன். அம்மா எங்க கூடவே வந்து தங்க ஆரம்பிச்ச பிறகுதான் அதை குறுக்கால பாக்க ஆரம்பிச்சேன்.

கணக்கு ஒண்ணு போட்டுக் காட்டுறேன், பொறுமையா படிங்க. ஒரு லேன் மூணரை மீட்டர். நாலு லேன்னா 14 மீட்டர், இது பாதி ரோடு மட்டும். நம்மள மாதிரி ஆளுங்க அவசரத்துல செகண்டுக்கு ஒண்ணேகால் மீட்டர் நடப்போம், பன்னெண்டு செகண்டுக்குள்ள தாண்டிடுவோம். எங்கம்மாவுக்கு முட்டி வலி, செகண்டுக்கு 0.8 மீட்டர் நடந்தாலே பெருசு. அவங்களுக்கு 18 செகண்ட் வேணும். 60 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி அந்த 18 செகண்டுல 300 மீட்டர் வந்துடும். 80ல வந்தா 400 மீட்டர். அதாவது அம்மா ரோட்டுல காலை வைக்கணும்னா 300 மீட்டருக்கு வண்டியே இருக்கக்கூடாது, அங்க தூரத்துல தெரியுற ரெண்டு ஹெட்லைட் 60ல வருதா 80ல வருதான்னும் அவங்களே கண்டுபிடிக்கணும். ராத்திரி ஏழரை மணிக்கு எந்த ஹெட்லைட்டும் தன் வேகத்தை சொல்றதில்ல. இதை ஒரு பாதி தாண்டறதுக்கு செஞ்சிட்டு, நடுவுல மீடியன்ல ஏறி நின்னு, திரும்ப இன்னொரு பாதிக்கு மொதல்ல இருந்து செய்யணும்.

மீடியன்ல ஏறுறதுன்னு சொன்னேன் இல்ல, அது தனிக் கதை. நடைபாதையோட விளிம்பு ஒசரம் 15 சென்டிமீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் ஐஆர்சி 103ங்குற விதிமுறைல எழுதி வச்சிருக்காங்க, ஏன்னா அதுக்கு மேல போனா வயசானவங்களால ஏற முடியாது. மீடியன் வண்டி தாண்டாம இருக்க கட்டினது, அது முட்டி ஒசரம் இருக்கும். அதுக்கு மேல இரும்பு கிரில். ஆளுங்க கிராஸ் பண்ணக்கூடாதுன்னுதான் கிரில்.

நான் நிக்குற ஸ்டாப்பிங்குக்கு நேரா அந்த கிரில்ல ஒரு எடத்துல ரெண்டு கம்பி வளைஞ்சிருக்கும். ஒரு ஆள் உடம்பை சாச்சுக்கிட்டு நுழையுற அளவுக்கு. மத்த கம்பியெல்லாம் தூசி ஏறி சாம்பல் கலர், அந்த ரெண்டு கம்பி மட்டும் கை பட்டு கை பட்டு பெயிண்ட் போயி பளபளன்னு கோயில் கதவு பிடி மாதிரி இருக்கும். கீழ ஒரு உடைஞ்ச கல்லை யாரோ படிக்கட்டா போட்டிருக்காங்க, அந்தப் பக்கம் ஒரு சிமென்ட் பிளாக். பூக்கார அம்மா கூடையை மொதல்ல அந்தப் பக்கம் வச்சிட்டு அப்புறம் தான் நுழைவாங்க. ஸ்கூல் பசங்க பேக்கை கழட்டி கையில பிடிச்சுக்குவாங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து வெல்டிங் வச்சு அடைப்பாங்க, நாலாவது நாள் பத்தடி தள்ளி வேற ரெண்டு கம்பி வளைஞ்சிருக்கும். யாரு வளைக்கிறாங்க, எப்போ வளைக்கிறாங்கன்னு இத்தனை வருஷத்துல ஒருத்தரும் பாத்ததில்ல.

எனக்கு என்னமோ அந்த வளைஞ்ச கம்பிதான் இந்த ரோட்டுல நடந்த ஒரே உருப்படியான சர்வேன்னு தோணும். ஊரு தனக்கு எங்க வழி வேணும்னு கம்பிலயே எழுதி வச்சிருக்கு. படிக்கத் தெரிஞ்சவங்க வந்து பாத்தா போதும்.

2022ல சித்தப்பா ஊர்ல இருந்து வந்திருந்தாரு. காலைல பால் வாங்கப் போறேன்னு கெளம்பினவரு. மனுஷன் விதிப்படி நடக்குற ஆளு, ரோட்டோரம் நின்னு வலது பக்கம் பாத்தாரு, வண்டி இல்ல, காலை வச்சாரு. இடது பக்கத்துல இருந்து ராங் சைடுல ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வந்து அடிச்சுது. இடுப்பு எலும்பு. ஓட்டிட்டு வந்தது யாருன்னா பால் பாக்கெட் போடுற பையன், பின்னாடி ரெண்டு டிரே, ரோடெல்லாம் பால். அந்தப் பையனுக்கும் கை ஒடஞ்சிருக்கு, ஆனா அவன் எழுந்து வந்து சித்தப்பா தலையை மடில வச்சுக்கிட்டு அழுதுட்டிருந்தான்.

108 வந்து தூக்கிட்டுப் போனாங்க. அதுக்கு முந்தின வருஷம் டிசம்பர்லதான் இதே ரோட்டுல தெக்க வர்ற மேல்மருவத்தூர்ல வச்சு "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தை ஆரம்பிச்சிருந்தாங்க, விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும் அரசாங்கமே செலவை ஏத்துக்கும்னு. அதுல சேத்துக்கிட்டாங்க, அந்த வகைல புண்ணியம். சித்தப்பா ஆறு மாசத்துல கம்பு வச்சு நடந்துட்டாரு. ஊருக்குப் போனவரு அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு வர்றதே இல்ல, போன்ல கூப்பிட்டா "உங்க ரோடு எப்படி இருக்கு"ன்னு என்னமோ ஒரு கெட்ட சொந்தக்காரனை விசாரிக்கிற மாதிரி கேப்பாரு.

ஆஸ்பத்திரில எல்லாரும் அந்தப் பையனைத்தான் திட்டினாங்க, நானும் திட்டினேன். ராங் சைடுல வர்றவனை வெட்டணும்னு கூட ஒருத்தர் சொன்னாரு. ஒரு வாரம் கழிச்சு கோவம் ஆறினதும் அவன் வர்ற வழியை ஒரு தடவை பைக்ல போய் பாத்தேன். ஒரு தெருவுல பால் போட்டுட்டு அடுத்த தெருவுக்குப் போகணும், அடுத்த தெரு முந்நூறு அடில இருக்கு, ஆனா எதிர்த்திசைல. சட்டப்படி போகணும்னா நேரா போயி யூ டர்ன் எடுத்து, அந்தப் பக்கமா தாண்டிப் போயி, அங்க ஒரு யூ டர்ன் எடுத்து வரணும். சுத்தி ரெண்டு கிலோமீட்டருக்கு மேல. காலைல அவன் அந்த மாதிரி இருபது தடவை மாறணும்னா 40 கிலோமீட்டர், ஒரு லிட்டர் பெட்ரோல், ஒரு மணி நேரத்துக்கு மேல டைம். ஆறு மணிக்குள்ள பால் வரலைன்னா நம்ம வீட்டு அம்மாக்களே அவனை திட்டுவாங்க. எவனும் அதை சுத்தி வர மாட்டான், நீங்களும் வர மாட்டீங்க, நெஞ்சுல கை வச்சு சொல்லுங்க. ராங் சைடுல வர்றது தப்புதான். ஆனா கிலோமீட்டருக்கு ஒரு யூ டர்ன் வச்சுட்டு சர்வீஸ் ரோட்டையும் பாதில நிறுத்திட்டா ராங் சைடு வரும்னு படம் போடுறப்பவே தெரியணும் இல்லையா. சர்வீஸ் ரோடு மட்டும் விட்டுப்போகாம தொடர்ச்சியா, ரெண்டு திசைலயும் ஓட்டுற மாதிரி இருந்திருந்தா அந்தப் பையன் மெயின் ரோட்டுக்கே வந்திருக்க வேண்டாம்.

போன வருஷம் எங்க நலச்சங்கத்துல இருந்து ஒரு கூட்டம் போட்டோம், ரோட்டு வேலை சம்பந்தமா. ஒரு இன்ஜினியர் வந்திருந்தாரு. எந்த ஆபீஸ், என்ன பதவின்னு வேண்டாம், நல்ல மனுஷன், ஞாயித்துக்கிழமை சொந்த கார்ல வந்தாரு. கல்யாண மண்டபத்துல சாப்பாட்டு மேஜை ரெண்டை ஒண்ணா சேத்து, பெரிய பெரிய ஷீட்டா டிராயிங்கை விரிச்சாரு, ஃபேன் காத்துல பறக்காம இருக்க ஓரத்துல தண்ணி பாட்டில் வச்சோம். நான் வாழ்க்கைல முதல் தடவையா எங்க ரோட்டை மேல இருந்து அந்த மாதிரி பாக்குறேன். ஏழு ஷீட்டு நீளம், ஒரு சாண் அகலம். லேன் எல்லாம் கோடு கோடா அழகா, எங்க வடிகால், எங்க லைட் கம்பம், எங்க இபி லைன் மாத்தணும், எல்லாம் இருக்கு. எங்கம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் கேட்டாங்க, "தம்பி, இதுல நான் எங்க இருக்கேன்?"

அவரு வீட்டைக் கேக்குறாங்கன்னு நெனச்சு ஒரு எடத்துல விரலை வச்சாரு. அம்மா, "வீடு தெரியுதுப்பா, ஸ்டேஷனுக்குப் போறப்போ நான் எங்க இருப்பேன்"ன்னாங்க. ரெண்டு செகண்ட் அமைதி. அவரு சிரிச்சாரு, கிண்டலா இல்ல, மாட்டிக்கிட்ட சிரிப்பு. "அம்மா, எஃப்ஓபி ப்ரொபோசல் இருக்கு"ன்னாரு. எஃப்ஓபின்னா நடைமேம்பாலம்.

கூட்டம் முடிஞ்சு டீ குடிக்கிறப்போ அவருகிட்ட தனியா பேசினேன், அவருதான் எனக்கு நெறைய சொல்லிக் குடுத்தாரு. ரோட்டுக்கு எத்தனை லேன் வேணும்னு முடிவு பண்ண வண்டிகளை எண்ணுவாங்க, ஆனா வண்டியை வண்டியா எண்ண மாட்டாங்க, பிசியுன்னு ஒரு கணக்கு, பாசஞ்சர் கார் யூனிட். கார் ஒண்ணு. டூ வீலர் அரை. பஸ்சு கிட்டத்தட்ட மூணு. ரோட்டுல எவ்வளவு எடத்தை அடைக்குதுங்குறதுதான் அளவு. அறுபது பேரை ஏத்திக்கிட்டு வர்ற பஸ்சு இந்தக் கணக்குல மூணு காரோட தொல்லை. நான் கேட்டேன், நடக்குறவங்க எத்தனை சார்? அவரு டீயை ஆத்திக்கிட்டே, "நடக்குறவங்க இந்த கவுண்ட்ல வர மாட்டாங்க, அது தனி சர்வே"ன்னாரு. அந்தத் தனி சர்வே நடந்துச்சான்னு கேட்டேன், பிஸ்கட் எடுத்துக்கிட்டாரு.

தனி சர்வேக்கு ஒரு பார்முலா இருக்குன்னும் அவருதான் சொன்னாரு. பி வி ஸ்கொயர். 'பி'ன்னா ஒரு மணி நேரத்துல குறுக்கால போற ஆளுங்க, 'வி'ன்னா அந்த மணி நேரத்துல போற வண்டிங்க. வண்டி எண்ணிக்கையை அதாலயே பெருக்கி, அதை ஆளுங்க எண்ணிக்கையால பெருக்கணும். நடுவுல மீடியன் இருக்குற ரோடுன்னா விடை 20 கோடியைத் தாண்டினா அங்க பாதுகாப்பான கிராசிங் குடுக்கணும்னு அர்த்தம், மீடியன் இல்லாத ரோடுன்னா 10 கோடியே போதும். 20 கோடின்னதும் எனக்கு மலைப்பா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து கால்குலேட்டர்ல போட்டேன். மணிக்கு 3,000 வண்டின்னு வச்சுக்கோங்க, எங்க ரோட்டுக்கு காலைல அது ரொம்ப கஞ்சத்தனமான நம்பர். 3,000த்தை 3,000த்தால பெருக்குனா 90 லட்சம். 20 கோடியை 90 லட்சத்தால வகுத்தா 22 சொச்சம். அதாவது மணிக்கு 23 பேரு குறுக்கால போனா போதும், விதிப்படியே அங்க கிராசிங் வேணும். இருபத்தி மூணு பேரு! நான் திரும்ப திரும்ப போட்டுப் பாத்தேன், எங்கயாவது ஒரு சைபரை விட்டுட்டேனோன்னு.

அடுத்த சனிக்கிழமை சாயந்திரம் அந்த வளைஞ்ச கம்பிக்கு நேரா இருக்குற டீக்கடைல உக்காந்து பேப்பர்ல கோடு போட்டு எண்ணுனேன். டீக்கடைக்காரர் நான் ஏதோ சீட்டு கம்பெனி கணக்கு எழுதுறேன்னு நெனச்சாரு. 23 பேரு ஆறதுக்கு பத்து நிமிஷம் கூட ஆகல. ஒரு சபர்பன் ட்ரெயின் வந்து நின்னுச்சு, ரெண்டு ஷேர் ஆட்டோ எறக்கி விட்டுச்சு, அவ்வளவுதான். ஒரு பஸ்சும் வந்துச்சு, ஸ்டாப்பிங்ல ஷேர் ஆட்டோ அடைச்சு நிக்குறதால அது ரெண்டாவது லேன்லயே நின்னு ஆளை எறக்குச்சு. எறங்குறவங்க பஸ்சுக்கு முன்னாடி புகுந்து வர்றாங்க, மூணாவது லேன்ல வர்றவனுக்கு அவங்க தெரியவே மாட்டாங்க, பஸ்சு மறைக்குது. அதை பாத்துக்கிட்டு டீயை குடிக்கவே முடியல.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. கிரில்லை ஒழுங்கா அடைச்சு, ஆளுங்க பயந்து போயி, அம்மா மாதிரி வயசானவங்க வெளிய வர்றதையே விட்டுட்டா, அப்போ எண்ணுனா ஆளு கம்மியாதான் வருவாங்க. "இங்க டிமாண்ட் இல்ல"ன்னு எழுதிடலாம். ஆத்துல பாலம் வேணுமான்னு பாக்க எத்தனை பேரு நீந்திப் போறாங்கன்னு எண்ணுற மாதிரி. ஆக்சிடென்ட் கணக்கும் அப்படித்தான். பிளாக் ஸ்பாட்னு ஒரு எடத்தை அறிவிக்கணும்னா சுமார் 500 மீட்டருக்குள்ள மூணு வருஷத்துல சாவோ பலத்த காயமோ உள்ள விபத்து அஞ்சு நடந்திருக்கணும், இல்லாட்டி பத்து பேரு செத்திருக்கணும். எங்க எடத்துக்கு சித்தப்பா ஒருத்தர்தான் எங்களுக்குத் தெரிஞ்சு. அப்போ இன்னும் நாலு பேரு பாக்கி.

நாடு முழுக்க 2022ல ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேரு. அதுல நடந்து போனவங்க மட்டும் 32,825, அதாவது ஒரு நாளைக்கு தொண்ணூறு பேரு. விபத்து எண்ணிக்கைல தமிழ்நாடு அந்த வருஷம் முதல் எடம், 64,105. செத்தவங்க 17,884. ரோட்டுப் பாதுகாப்பு விஷயத்தை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் கொண்டு போனவரு யாருன்னு பாத்தா நம்ம கோயம்புத்தூர்க்காரரு, எலும்பு டாக்டர் ராஜசேகரன். 2012ல வழக்கு போட்டாரு. அந்த வழக்குலதான் 2014ல நீதிபதி ராதாகிருஷ்ணன் தலைமைல சாலைப் பாதுகாப்பு கமிட்டி போட்டாங்க, அதே வழக்குலதான் 2025 மே மாசம் நடைபாதைல பாதுகாப்பா நடக்குறது அரசியல் சட்டத்தோட 21வது பிரிவுல வர்ற உரிமைன்னு கோர்ட் சொல்லிச்சு. எலும்பு டாக்டர் இந்த வழக்கைப் போட்டதுல எனக்கு ஆச்சரியமே இல்ல. சித்தப்பா ஆஸ்பத்திரில இருந்த அந்த வார்டுல கட்டிலுக்குக் கட்டில் போய் கேட்டேன், வயக்காட்டுல விழுந்தவரு ஒருத்தரைத் தவிர மீதி எல்லாரும் ரோட்டுல இருந்து வந்தவங்கதான்.

சரி, எஃப்ஓபிக்கு வர்றேன். நடைமேம்பாலத்தை பத்தி கேட்டா எல்லாரும் சொல்ற பதில், "கட்டிக் குடுத்தாலும் நம்ம ஜனங்க ஏற மாட்டாங்க சார், சோம்பேறிங்க". எனக்கு இதைக் கேட்டாலே எரியும். கன்டெய்னர் லாரி போற அளவுக்கு ஒசரம் விடணும், அப்போ கிட்டத்தட்ட ரெண்டு மாடி ஏறணும், நடந்து, ரெண்டு மாடி எறங்கணும். முட்டி வலிக்காரங்க, மாசமா இருக்குறவங்க, சைக்கிள் தள்ளிட்டு வர்றவரு, பூக்கூடைக்காரம்மா, இவங்கதான் நடக்குறவங்க, இவங்களைத்தான் மாடி ஏறச் சொல்றோம். கார்ல ஏசியோட உக்காந்திருக்குறவரு கால் லேசா அழுத்தி பதினெட்டு செகண்ட் நிக்குறதுக்கு பதிலா. எஸ்கலேட்டர் வைக்கலாம், லிஃப்ட் வைக்கலாம், நல்லா இருக்குற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும். ஒரு நாள் நின்னுச்சுன்னா அது சும்மா ஒசரமான படிக்கட்டு, அதுவும் ஒவ்வொரு படியும் சாதாரண படியை விட ஒசரம். சப்வேயை பத்தி பேசவே வேண்டாம், மழை வந்தா நீச்சல் குளம், ராத்திரி ஆனா பொம்பளைங்க எறங்க மாட்டாங்க.

ரயிலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவுல ஆயிரக்கணக்குல ஆளுங்க பெட்டியோட போகணும்னா ஸ்கைவாக், அதாவது ரெண்டையும் சேக்குற ஒசரமான நடைபாலம், சரி. கிளாம்பாக்கத்துக்கு அது கட்டாயம் வேணும், 2023 டிசம்பர் 30ஆம் தேதி பஸ் ஸ்டாண்டைத் திறந்தப்பவே அது இருந்திருக்கணும். திறந்த புதுசுல ஜனங்க மூட்டையை தலைல வச்சுக்கிட்டு கைல கொழந்தையோட ஜிஎஸ்டியை கிராஸ் பண்ணதை நான் பாத்திருக்கேன். ஆனா எதிர்த்த மெடிக்கல்ல ஒரு காய்ச்சல் மாத்திரை வாங்க ஸ்கைவாக் கிடையாது, அதுக்கு ரோட்டு மட்டத்துலதான் வழி வேணும்.

அது பெரிய ராக்கெட் சயின்ஸ் ஒண்ணும் இல்ல, இன்ஜினியரே ஒத்துக்கிட்டாரு. மீடியன்ல முட்டி ஒசரத்தை ரோட்டு மட்டத்துக்கு வெட்டி, நடுவுல ஒரு பத்து பதினஞ்சு பேரு நிக்குற மாதிரி வேலி போட்ட எடம். அது நேரா இருக்கக்கூடாது, இசட் மாதிரி கொஞ்சம் வளைஞ்சு போகணும், அப்போதான் ரெண்டாவது பாதிக்கு முன்னாடி நடக்குறவங்க முகம் தானா வர்ற வண்டியைப் பாக்கும். பட்டன் அழுத்துனா செவப்பு விழுற சிக்னல், அம்மா நடைக்கு 18 செகண்ட். சிக்னலுக்கு முன்னாடி வண்டி வேகத்தைக் குறைக்க என்னென்ன பண்ணணுமோ பண்றது, லேனை கொஞ்சம் ஒடுக்குனாலே டிரைவர் கால் தானா தூக்கும். பஸ் ஸ்டாப்பை கிராசிங்குக்கு அந்தாண்ட தள்ளி வச்சா எறங்குறவங்க பஸ்சுக்கு பின்னாடி பக்கமா கிராஸ் பண்ணுவாங்க, முன்னாடி புக மாட்டாங்க. வேகம்தான் எல்லாத்துக்கும் ஆணிவேர். 60ல வர்றவன் ஆளைப் பாத்து பிரேக்ல காலை வைக்குறதுக்கே ஒரு செகண்ட், அதுக்குள்ள 17 மீட்டர் போயிடுவான், அதுக்கப்புறம்தான் பிரேக்கே பிடிக்கும். கார் 50ல இடிக்கிறதுக்கும் 65ல இடிக்கிறதுக்கும் நடுவுல, நடந்து போறவன் சாகுற வாய்ப்பு நாலரை மடங்கு ஏறுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வெறும் 15 கிலோமீட்டர் வித்தியாசம். ஊரப்பாக்கத்துல இருந்து தாம்பரம் போக அந்த வித்தியாசத்துல மிச்சமாகுறது ரெண்டு மூணு நிமிஷம், அதையும் பெருங்களத்தூர்ல திருப்பிக் குடுத்துடுவோம்.

நான் இதையெல்லாம் சொன்னப்போ இன்ஜினியர் ஒண்ணு சொன்னாரு, அது நியாயமாவும் இருந்துச்சு. "சார், நான் எட்டு லேன்ல சிக்னல் வச்சேன்னா நாளைக்கே மேல இருந்து போன் வரும், நேஷனல் ஹைவேல வண்டியை ஏன்யா நிறுத்துறன்னு. கார்ல வர்றவங்க போன் பண்ணுவாங்க. கிராஸ் பண்றவங்க யாரும் எனக்கு இதுவரைக்கும் போன் பண்ணதே இல்ல." பல்லாவரத்துல மேம்பாலம், வண்டலூர்ல மேம்பாலம், பெருங்களத்தூர்ல மேம்பாலம்னு இத்தனை வந்திருக்கே, எல்லாம் யாரோ கேட்டுதான் வந்துச்சு. எல்லாம் வேணும்தான், நான் மறுக்கல, வண்டலூர்ல மேம்பாலம் வர்றதுக்கு முன்னாடி அந்த ஜங்ஷன்ல நான் வாழ்க்கைல பாதியைத் தொலைச்சிருக்கேன். ஆனா ஒவ்வொரு மேம்பாலத்துல இருந்து எறங்குறவனும் வேகத்தோடதானே எறங்குறான், அடுத்த ஸ்டாப்பிங்ல நிக்குறவங்க தலைலதானே அது விடியுது.

சென்னை மாநகராட்சில 2014லயே நடக்குறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு ஒரு கொள்கை போட்டாங்க, இந்தியாவுலயே முதல்ல. 2019ல பாண்டி பஜார்ல அகலமா நடைபாதை வந்துச்சு, நாங்களும் ட்ரெயின் ஏறிப் போயி குடும்பத்தோட அங்க நடந்து போட்டோ எல்லாம் எடுத்துக்கிட்டோம். வேடிக்கைய பாருங்க, நடக்குறதுக்கு ஊரப்பாக்கத்துல இருந்து மாம்பலம் வரைக்கும் ட்ரெயின்ல போறோம், அந்த ட்ரெயினைப் பிடிக்க கம்பி நடுவுல நுழையுறோம்.

இப்போ அடுத்து மெட்ரோ. ஏர்போர்ட்ல இருந்து கிளாம்பாக்கம் வரைக்கும், சுமார் 15.5 கிலோமீட்டர், 13 ஸ்டேஷன், இதே ஜிஎஸ்டி வழியாத்தான் திட்டம் போட்டிருக்காங்க. தூண் வருதுன்னா ரோட்டைத் தோண்டுவாங்க, மீடியனை ஒடைப்பாங்க, கிரில்லைக் கழட்டுவாங்க, லேனை மாத்தி வரைவாங்க. வரும்போது தூசி, டிராபிக், வருஷக்கணக்குல அவஸ்தை, எல்லாம் தெரியும். ஆனா எப்படியும் ஒடச்சு திரும்பக் கட்டப் போறாங்க. தூணுக்கும் தூணுக்கும் நடுவுல ஆளு நிக்குற எடத்தை அப்போவே விட்டா தனியா செலவே இல்லாத மாதிரி. எங்க ஊரு வரைக்கும் தூண் வராது, கிளாம்பாக்கத்தோட நின்னுடும், இருந்தாலும் வேலை நடக்குறப்போ ரோட்டு டிராயிங் எல்லாத்தையும் திரும்ப எடுப்பாங்கன்னு சொல்றாங்க. அதுக்குள்ள எங்க பங்குக்கு ஒரு ஷீட்டு தயார் பண்ணணும்னு சங்கத்துல முடிவு. எல்லா வளைஞ்ச கம்பியையும் போட்டோ எடுத்து மேப்ல புள்ளி வச்சிட்டிருக்கோம், பெருங்களத்தூர்ல இருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும். காலேஜ் படிக்கிற பசங்க நாலு பேரு பண்றாங்க, வெல்டிங் வச்ச பழைய ஓட்டையைக் கூட விடாம.

அடுத்த கூட்டம் வர்ற மாசம். இன்ஜினியரும் வர்றேன்னிருக்காரு. அம்மாவும் வந்தே தீருவேன்னு சொல்லிட்டாங்க, கேள்வியெல்லாம் டைரில எழுதி வச்சிருக்காங்க. இந்த தடவை பழைய மண்டபம் கெடைக்கல, முகூர்த்த நாளு. வேற மண்டபம் பிடிச்சிருக்கோம், அது ரோட்டுக்கு அந்தாண்ட.

அம்மாவுக்கு இன்னும் சொல்லல.